தகவலாளி, உதவியவர், பேராண்டி

நாட்டுப்புறப் பாடலுக்கு இலக்கணம் கேட்டால் தமிழ் எம்.ஏ. படித்த யாரும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். வாய்மொழியாய் வழங்குவது, ஏட்டில் எழுதப்படாதது, ஆசிரியர் பெயர் அறியப்படாதது. முதல் இரண்டில் எனக்குத் தகராறு இல்லை. மூன்றாவதில்தான் தகராறு. அறியப்படாதது என்றால் யாருக்கு அறியப்படாதது?

ராசிபுரம், வெண்ணந்தூர் பக்கம் எந்தக் காலனியில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். சாவு விழுந்தால் யார் வந்து மாரடித்துப் பாடுவாங்க, அந்தப் பாட்டு அவங்களுக்கு யார்கிட்ட இருந்து வந்தது, அதில் எந்த அடியை அவங்க அம்மா கட்டினாங்க, எந்த அடியை இவங்க மாத்தினாங்க என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். "இது எங்க பெரியாயா கட்டுனது, நீ பாடாத" என்று சண்டை போட்டுக்கொள்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கடலைக்காய் ஆயும்போதும், சேகோ மில்லில் குச்சிக்கிழங்கு தோல் உரிக்கும்போதும் அந்தப் பாட்டுகள் இன்னார் பாட்டு என்றுதான் நடமாடுகின்றன. ஆசிரியர் பெயர் அறியாதவர் ஒருவர்தான். ஊரிலிருந்து சேரிக்குள் டேப்ரிக்கார்டரோடு வந்த ஆய்வாளர். அவருடைய அறியாமையைத்தான் நம் பாட்டின் இலக்கணமாக்கிப் பாடப்புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

குடும்பங்களுக்குள் வளர்ந்த பாட்டு ஒலிப்பதிவாகும்போது அந்தக் குடும்பத்தின் பெயர் என்னவாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. இரண்டு பதிவுகளை எதிரெதிரே வைத்துப் பேசுகிறேன். ஒன்று, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாளின் கதையைப் பேரன் அறிவு பாடிய பதிவுகள். மற்றொன்று, ஸ்காட்லாந்தில் ஒதுக்கப்பட்ட நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் குடும்பத்தின் இசைத்தட்டுகள். அதற்கு முன் நம் ஆய்வுலகம் பாடுகிறவரை எந்தச் சொல்லால் கூப்பிட்டது என்று பார்த்துவிடுவோம்.

முதல் சொல், 'தகவலாளி'. நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். பெயர், வயது, சாதி, கல்வி, தொழில் என்று கட்டம் போட்டிருப்பார்கள். கல்வி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும். விடிய விடியப் பாடிக் கொடுத்தவர் அங்கே கவிஞர் அல்ல, பாடகர்கூட அல்ல, தகவல் கொடுத்தவர். போலீஸ் ஸ்டேஷனில் துப்புக் கொடுக்கிறவரைச் சொல்கிற மாதிரி ஒரு சொல்.

இரண்டாவது சொல், 'உதவியவர்'. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. உழைக்கிற மக்களின் பாட்டை மதித்துத் தொகுத்த முக்கியமான வேலை அது. எங்கள் சேலம் மாவட்டத்துப் பாட்டுகளும் அதில் இருக்கின்றன. கவிஞர் சடையப்பன் சேகரித்துக் கொடுத்தவை. பாட்டின் அடியில் சேகரித்தவர், உதவியவர், இடம் என்று குறிப்புகள் வருகின்றன. இடத்தையும் ஆளையும் குறிக்க வேண்டும் என்ற அக்கறை அந்தக் காலத்தில் பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் பாட்டைச் சொன்னவர் 'உதவியவர்' ஆகிவிடுகிறார். யாருக்கு உதவினார்? தன் பாட்டைத் தானே பாடுவது அடுத்தவருக்குச் செய்த உதவியாய் எப்படி மாறியது? தொகுப்பாளரின் நேர்மையையும் மீறிச் சொல் வேலை செய்கிறது.

இந்தச் சொல் அரசியலை முதலில் கைவைத்து உடைத்தவர்களில் ஒருவர் கே.ஏ. குணசேகரன். 'தன்னானே' குழுவை வைத்துக்கொண்டு மேடை மேடையாய்ப் பாடியவர், இன்குலாப்பின் 'மனுசங்கடா'வைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர், 2016 சனவரியில் மறைந்தார். நாட்டுப்புறவியல் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது 'சேரிப்புறவியல்' என்றார். 'நாட்டுப்புறம்' என்ற பொதுப்பெயருக்குள் ஊரும் சேரியும் ஒன்றாய்க் கரைந்துபோகின்றன. கரைந்தபின் மிஞ்சுவது ஊரின் முகம்தான். தனிப்பெயர் வைக்காமல் நம் கலை தனியாய்த் தெரியாது என்பதே அந்தச் சொல்லுக்குள் இருக்கிற அரசியல். நான் அதை இன்னொரு படி கீழே இறக்கிக் கேட்கிறேன். சேரிக்குப் பெயர் வைத்தாயிற்று, சேரியில் பாடுகிற பெண்ணுக்கு?

எங்கள் கொங்கு மண்ணில் பெரிய ஒலிப்பதிவு ஒன்று நடந்திருக்கிறது. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் அண்ணன்மார் கதையை இரவிரவாய்ப் பதிவு செய்தார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதை நூலாக்கியது. நிலம் வைத்திருந்த வீரர்களின் கதை அது. அதில் நம் ஆள் சாம்புகன். மேளத்தோடு வீரர்கள் பின்னாலேயே நடக்கிறான், அவர்களுக்காக உழைக்கிறான். அந்தக் கதை ஒலிநாடாவாயிற்று, நூலாயிற்று, கலைஞர் கையில் 'பொன்னர் சங்கர்' நாவலாயிற்று, 2011இல் சினிமாவும் ஆயிற்று. சாம்புகன் வீட்டுப் பெண்கள் என்ன பாடினார்கள் என்று கேட்டு எத்தனை டேப் ஓடியது?

இனி முதல் பதிவுக்கு வருகிறேன்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா நிறுவனம். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள், கல்யாண வீட்டில் ஆடினார்கள். எத்தனை பேருக்கு அது ஒரு நிலமற்ற குடும்பத்தின் கதை என்று தெரிந்தது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பியவர். மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் வருசத்துச் சட்டம் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே என்று மூட்டை பிரிக்கிற மாதிரி மனிதர்களைப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். காடு திருத்தித் தோட்டம் போட்டவர்களுக்கு ஒரு பிடி மண் இல்லை. அந்தச் சரித்திரம்தான் அந்தப் பாட்டின் அடிவயிறு.

தலைப்பில் இருக்கிற 'எஞ்சாமி'யை எங்கள் பக்கத்துக் காதால் கேட்டால் இன்னொரு வெளிச்சம் வருகிறது. நாமக்கல், சேலம் மேட்டாங்காடுகளில் 'சாமி' என்பது இரண்டு வாயில் வருகிற சொல். பண்ணையத்தில் நிற்கிற மாதாரி, நிலம் வைத்திருக்கிறவரைப் பார்த்து 'சாமி' என்று சொல்லியாக வேண்டும். பத்து வயசுப் பொடியன் என்றாலும் ஊர்ப் பையன் 'சாமி'தான். அதே வாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையை மடியில் போட்டு 'எஞ்சாமி' என்று கொஞ்சுகிறது. காட்டில் கட்டாயமாய்ச் சொல்ல வைத்த சொல்லை வீட்டில் ஆயா தன் இஷ்டத்துக்குத் தூக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறாள். நிலம் வைத்திருக்கிறவனுக்கு உரிய மரியாதையை நிலமே இல்லாத குழந்தைக்கு மாற்றிவிடுகிற இந்த வேலையை எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அறிவின் பாட்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்த இரண்டாவது 'சாமி'யைத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டபின் அறிவுக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 சூலை 28இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். அடுத்த சில நாளில், மெட்டும் சொல்லும் தன் உழைப்பு, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பையும், பாட்டு உருவான விதத்தையும் தனி அறிக்கையில் சொன்னார். 2024இல் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்றும் அவரே வெளிப்படையாய்ப் பேசினார்.

இதில் யார் பக்கம் நியாயம் எத்தனை பங்கு என்று பஞ்சாயத்துச் செய்வது என் நோக்கமல்ல. ஸ்டுடியோவுக்குள் என்ன நடந்தது என்று நாம் பார்க்கவில்லை. நான் கவனிப்பது வேறு. அந்தச் சண்டை நடந்த நாட்களில் டீக்கடையிலும் முகநூலிலும் அடிக்கடி கேட்ட வாதம் இது: "அது நாட்டுப்புற மெட்டுதானே, அதுக்கு எவன் சொந்தக்காரன்?" எம்.ஏ. வகுப்பில் ஒப்பிக்கிற அதே இலக்கணம் இங்கே வழக்குரைஞர் வேடத்தில் வந்து நிற்கிறது. சேரியிலிருந்து வருகிற பாட்டு என்றால் ஆசிரியர் இருக்க முடியாது. இருந்தாலும் அவர் மரபைக் கடத்தியவர் மட்டுமே. மற்றவர் தொட்டால்தான் அது 'படைப்பு'. இந்தப் பொதுப்புத்தி ஒருநாளில் வந்ததல்ல. தகவலாளிப் பட்டியல்கள் அறுபது வருசமாய் விதைத்தது.

இதற்கு அறிவு கொடுத்த பதிலாக நான் எடுத்துக்கொள்வது அவர் அறிக்கையை அல்ல. 2024இல் வந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயரை. 'வள்ளியம்மா பேராண்டி'. அப்பன் பெயரை முன்னால் போடவில்லை, ஊர்ப்பெயரை முன்னால் போடவில்லை. நிலமும் பட்டமும் இல்லாத ஒரு கிழவியின் பெயரைப் போட்டு, அவள் பேரன் என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். கச்சேரி இசையில் இது சாதாரணம். அரியக்குடி, செம்மங்குடி என்று ஊர் பெயருக்கு முன்னால் வரும். வீணை தனம்மாள் குடும்பம் என்றால் சங்கீதம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குடும்பம் அங்கே தகுதிச் சான்றிதழ். நம் பாட்டுக்கு மட்டும் குடும்பம் கிடையாது, 'மக்கள்'தான் உண்டு. அந்த வித்தியாசத்தின் மேல்தான் 'பேராண்டி' என்ற சொல் கல்லெறிகிறது.

இந்த இடத்தில் ஸ்டூவர்ட் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிளேர்கவ்ரி என்று ஓர் ஊர். ராஸ்பெரி என்ற சிவப்புப் பழத்தோட்டங்களுக்குப் பேர்போனது. பழம் பறிக்கிற சீசனில் 'டிராவலர்' என்ற நாடோடி மக்கள் கூட்டம் கூட்டமாய் வந்து கூடாரம் போடுவார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, ஆற்றில் முத்துச்சிப்பி எடுப்பது, கூலிக்குப் பழம் பறிப்பது அவர்கள் பிழைப்பு. 'டிங்கர்' என்ற தொழிற்பெயரையே அவர்களுக்கு வசவாக்கி வைத்திருந்தது ஊர். சாதிப்பேர் வசவாகிற கதையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கே இருந்தது சாதி அல்ல, நம் தீண்டாமையும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்கள் என்பதில் உறவு இருக்கிறது.

அந்தச் சமூகத்தில், டே நதிக்கரைக் கூடாரம் ஒன்றில் 1906இல் பிறந்தவர் பெல் ஸ்டூவர்ட். கணவர் அலெக் பைப் வாசிப்பவர். மகள்கள் கேத்தியும் ஷீலாவும் பாடகிகள். 1950களின் தொடக்கத்தில் பிளேர் பழத்தோட்டங்களைப் பற்றிய பாட்டு ஒன்று ஸ்காட்லாந்தில் வாய்க்கு வாய் நடமாடிக்கொண்டிருந்தது. யார் கட்டியது என்று சேகரிப்பாளர்களுக்குத் தெரியவில்லை. எடின்பரோவில் 1951இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் ஹாமிஷ் ஹெண்டர்சன் அதோடு விட்டுவிடவில்லை. மாரிஸ் ஃபிளெமிங் என்பவரை அந்த ஊருக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். 1954இல் ஃபிளெமிங் போய் விசாரித்தால், அதைக் கட்டியவர் அதே ஊரில், அதே தோட்டங்களில் பழம் பறித்த பெண். பெல் ஸ்டூவர்ட்தான். யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பாட்டும் 'ஆசிரியர் பெயர் அறியப்படாதது' என்றே அச்சாகியிருக்கும். நம் தொகுப்புகளில் எத்தனை பெல் ஸ்டூவர்ட்டுகள் அப்படிப் புதைந்து கிடக்கிறார்கள்?

அவர்களின் இசைத்தட்டுகளைத் தொழிலாளர் இசை இயக்கத்திலிருந்து பிறந்த டாபிக் நிறுவனம் வெளியிட்டது. 1965இல் ஒன்று, 1968இல் ஒன்று. முதல் தட்டின் பெயர் 'பிளேர் ஊர் ஸ்டூவர்ட்டுகள்' என்பது. 'ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்கள்' என்று பொதுப்பெயர் போட்டு அவர்களை அதற்குள் அடைக்கவில்லை. குடும்பத்தின் பெயரே தட்டின் பெயர். கேட்டால் தெரியும், அலங்காரம் கிடையாது. தாய் பாடுகிறாள், மகள் பாடுகிறாள், பைப் ஒலிக்கிறது. இன்னொருவர் வந்து மெருகேற்றி மேடைக்குத் தயார் செய்த குரல் அல்ல. பாடும்போது உள்ளிருந்து எழும்பி வருகிற துடிப்பை அவர்கள் 'கொன்யக்' என்றார்கள். ஒப்பாரி பாடுகிற எங்கள் பெண்களும் அதையேதான் சொல்லுவாங்க: "ராகம் தெரிஞ்சா பத்தாது, வயித்துல இருந்து வரோணும்."

ஆனால் அங்கேயும் எல்லாம் நேராய் நடக்கவில்லை. இவான் மக்கால் என்ற இடதுசாரிக் கவிஞர் 1964இல் நாடோடி மக்களைப் பற்றி பிபிசி வானொலிக்கு ஒரு நிகழ்ச்சி செய்தார். அவர்களை விரட்டியடிப்பதைப் பற்றி அதில் அவர் கட்டிய பாட்டு பிரபலமானது. 1982இல் கிளாஸ்கோவில் போப் இரண்டாம் ஜான் பால் வந்த கூட்டத்தில் லட்சக்கணக்கான பேர் முன்னால் ஷீலா பாடியது மக்காலின் அந்தப் பாட்டைத்தான். நல்ல பாட்டு, நல்ல மனசோடு எழுதியது. இருந்தாலும் கவனியுங்கள். அவர்களைப் பற்றி வெளியாள் எழுதிய பாட்டுக்கு ஆசிரியர் பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்களே எழுதிய பாட்டுக்கு ஒருவர் கிளம்பிப் போய்த் தேட வேண்டியிருந்தது. பெல் ஸ்டூவர்ட்டுக்கு 1981இல் அரசு பதக்கம் கொடுத்தது. அந்த மக்களைக் குடிசைகளில் அடைத்தும், குழந்தைகளைப் பிரித்தும் நடத்திய 'டிங்கர் சோதனை'க்கு ஸ்காட்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2025 சூனில். பாட்டுக்கு மரியாதை, பாடுகிறவருக்கு விரட்டல். நம் பறைக்கு மேடையும், அடிக்கிறவருக்குத் தனி டம்ளரும் இருந்த கதைதான்.

நம் தோழர்கள் சிலர் ஓர் எதிர்வாதம் வைப்பார்கள். பாட்டு எல்லாருக்கும் பொது, பெயர் போட்டால் அது தனிச்சொத்தாகிவிடும், மக்கள் கலையைச் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்பார்கள். பெயர் என்பது சொத்துப் பத்திரம் அல்ல. பெல் ஸ்டூவர்ட் பெயர் தெரிந்தபின் அந்தப் பாட்டை யாரும் பாடாமல் நிறுத்திவிடவில்லை. பொதுவுடைமை பேசுகிறவர்கள் எந்தக் கவிஞரின் வரியை மேற்கோள் காட்டும்போதும் பெயரைச் சொல்லத்தானே செய்கிறோம்? பாரதிதாசன் பெயரைச் சொன்னால் கவிதை தனிச்சொத்தாகிவிடுகிறதா? களை எடுக்கிற பெண்ணுக்கு மட்டும் ஏன் பொதுவுடைமை முன்கூட்டியே வந்துவிடுகிறது?

இந்தக் கேள்வியை நம் மேடைகளுக்கும் திருப்ப வேண்டும். இயக்கக் கேசட்டுகளில் எத்தனை ஒப்பாரி மெட்டு, எத்தனை தெம்மாங்கு மெட்டு சொல் மாறி வந்திருக்கிறது. அட்டையில் குழுவின் பெயர் இருக்கும், தலைவர் படம் இருக்கும், எழுதிய தோழர் பெயர் இருக்கும். மெட்டைக் கொடுத்த பெண்ணுக்கு இடம் இருக்காது. ஊர் செய்தால் அபகரிப்பு, நாம் செய்தால் பரப்புரை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சட்டத்திலும் பிடி இருக்கிறது. 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்துக்குப் பிறகு 'நிகழ்த்துநர்' என்பதற்கு விரிவான விளக்கம் உண்டு. நடிகர், பாடகர், இசைக்கலைஞரோடு பாம்பாட்டியையும் வித்தை காட்டுகிறவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த உரிமை 50 வருசம் நிற்கும். 2012 திருத்தத்தில் வந்த 38-பி பிரிவு, நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையைத் தருகிறது. பாட்டு எத்தனை பழையதாய் இருந்தாலும், பாடிய குரலுக்கு ஆள் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. கைப்பேசியில் பதிந்து யூடியூபில் போட்டுவிட்டு 'கிராமத்துப் பாட்டி' என்று தலைப்பு வைக்கிற தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு முடிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா, பண்ணாடி வீட்டுக் கட்டுத்தரையில் தான் பட்டதையெல்லாம் பாட்டாய்க் கட்டி வைத்திருக்கிறார். பதிவு செய்து பெயரும் போடலாமா என்று கேட்டேன். "பாட்டை வேணா எடுத்துக்க சாமி. பேரு வேண்டாம். நாளைக்கு அவங்க காட்டுக்குத்தான கூலிக்குப் போவோணும்" என்றார். இங்கே பெயர் போடுவது மரியாதை அல்ல, காட்டிக்கொடுப்பது. ஆகவே பெயரில்லாமை இரண்டு வகை. ஆய்வாளர் கேட்காமல் விட்டது ஒன்று. பாடுகிறவரே பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்டது இன்னொன்று. இரண்டையும் 'அறியப்படாதது' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதுதான் குற்றம். முதலாவது வகையில் பெயரைத் தேடிப் போட வேண்டும். இரண்டாவது வகையில் 'பாடியவர் பெயர் சொல்ல விரும்பவில்லை' என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியே எங்கள் மண்ணின் நிலவரத்தை ஓர் அறிக்கை அளவுக்குச் சொல்லிவிடும்.

வள்ளியம்மாளின் கதை பேரன் குரலில் உலகம் சுற்றிவிட்டது. பெல் ஸ்டூவர்ட் தன் குரலிலேயே தட்டில் இருக்கிறார். நம் ஆயாக்கள், அப்பாயிகள் தங்கள் குரலிலேயே பதிவாக வேண்டிய காலம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, சாவுக்கும் சவுண்டு சர்வீஸ் வந்துவிட்டது. பாட்டு கேட்க ஆள் குறையக் குறையப் பாடுகிற வாயும் அடைத்துப்போகும். இந்தப் பக்கங்களைப் படிக்கிற மாணவர்கள் எல்லார் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது உடனே பாடச் சொல்லாதீர்கள். அவர் பேர் என்ன, அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேர் என்ன, எந்த அடி அவர் கட்டியது என்று கேளுங்கள். பேரை வெளியே சொல்லலாமா என்றும் கேளுங்கள். அவர் குரலிலேயே அதைப் பதிந்துகொண்டு, அப்புறம் பாட்டுக்குப் போங்கள்.